மூடிக்கு அடியில் மெழுகு

குன்னார், ஊர்வே என்ற என் பெயரைத் தூக்கிவிட்டு ஆய்வுக் கட்டுரையை வெளியிட்ட அன்று நான் வாயே திறக்கவில்லை. மறதி நோய்ப் புரதத்தை மூன்று வருடம் வளர்த்தது நான். அரிசி மணியைவிடச் சற்றே பெரிய குழலில் அதை அடைத்து, காந்தத்துக்குள் சாய்வாக நிறுத்தி, நொடிக்குப் பத்தாயிரம் சுற்று சுழலவிட்டு நிறமாலை எடுத்ததும் நான்தான். அவர் பேராசிரியர், தரவையும் குழலையும் அள்ளிக்கொண்டார். என் குறிப்பேட்டை மட்டும் தொடவில்லை.

கட்டுரையைப் படித்தபோது சிரிப்பு வந்தது. நிறமாலையில் ஓர் இடத்தில் கூரான முகடு. புரதத்தைப் பற்றிக்கொண்டிருக்கும் புதிய கொழுப்பு என்று எழுதியிருந்தார், பாராட்டெல்லாம் அதற்குத்தான். அது கொழுப்புமில்லை, ஒரு மண்ணுமில்லை. மூடி கசிகிறதே என்று நான் அடியில் பூசிய தேன்மெழுகு. அம்மாவின் தேன்பெட்டியிலிருந்து வந்தது. குறிப்பேட்டில் எழுதியும் வைத்திருந்தேன்.

காந்தத்தைப் பார்த்துக்கொள்ளும் லைனேயிடம் மட்டும் சொன்னேன். கறுப்பு ரொட்டியை மென்றபடி கேட்டாள். "இப்பவே போட்டு உடைச்சிடேண்டி!"

"இன்னும் மேல ஏறட்டும். உசரத்துலேருந்து விழுந்தாத்தான் எலும்பு நொறுங்கும்."

ஒன்றரை வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பொறுத்தார் பூமி ஆள்வாராம். எனக்குப் பூமி வேண்டாம், அந்த ஆள் கூனிக்குறுகி நின்றால் போதும்.

எஸ்டோனியாவின் டார்ட்டு நகரில் அவருக்குப் பரிசளிப்பு விழா. அந்தக் குழலையே மேஜையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார். உரை முடிந்ததும் எழுந்தேன்.

"இந்தக் குழலை நீங்களேவா அடைச்சீங்க?"

"பின்னே?"

"உள்ள என்னென்ன போட்டீங்க?"

"புரதம்தான், ஊர்வே. உப்பும் வெங்காயமுமா போடுவாங்க?"

மண்டபமே சிரித்தது.

"அப்ப திறந்து காட்டலாமே."

முன்வரிசையில் இருந்த லைனே, மூடி கழற்றும் கருவியோடு எழுந்து போனாள். அவரால் மறுக்க முடியவில்லை. மூடியின் அடிப்பக்கம் கேமரா வழியே திரையில் பெரிதாகத் தெரிந்தது. மஞ்சள் மெழுகு. நான் குறிப்பேட்டை விரித்து, தேதியோடு அந்த வரியைச் சத்தமாக வாசித்தேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. எனக்கு இனித்தது, பொய் சொல்வானேன்?

நடைபாதையில் குன்னார் என்னை மறித்தார்.

"ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"கட்டுரையில என் பேரு இருந்திருந்தா, அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி என்கிட்டதான படிக்கக் குடுத்திருப்பீங்க? அன்னைக்கே சொல்லியிருப்பேன்."