மாதாமாதம் சரி

ஆலோசகர் யீ-ஜென் வந்த முதல் நாளே அலுவலகம் முழுவதற்கும் பால் தேநீர் வாங்கி வந்தாள். யாருக்குச் சர்க்கரை பாதி, யாருக்குக் கால் என்றுகூட விசாரித்து வைத்திருந்தாள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

தாய்ச்சுங் நகரில் எங்களுடையது முப்பத்தெட்டுப் பேர் கொண்ட மென்பொருள் கம்பெனி. டயாலிசிஸ் மையங்களில் எந்த நோயாளிக்கு எந்த நாள், எந்த மெஷின், என்ன மருந்து என்பதெல்லாம் எங்கள் மென்பொருளில்தான் இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்று, செயல்முறை மேம்பாட்டுச் சான்றிதழ் இருந்தால்தான் பேச்சு என்றுவிட்டது. அந்த முறைக்கு மாறினால் ஒவ்வொரு வேலையையும் எப்படிச் செய்கிறோம் என்று எழுதிவைக்க வேண்டும், எழுதியபடியே நடக்க வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்க வந்தவள்தான் யீ-ஜென்.

முதலாளி முடிவை மூன்று பிரிவுத் தலைவர்களிடம் விட்டுவிட்டார். மாறச் சம்மதம் என்றால் வெள்ளிக்கிழமை கை தூக்க வேண்டும் என்றார். புரோகிராம் பிரிவின் ஹூங் ஜுன் இரண்டு கையையும் தூக்குவான். சர்வர்களைப் பார்க்கும் ச்சிங் அண்ணன் மாட்டார். மிச்சம் சோதனைப் பிரிவு, அதாவது நான்.

என் பயத்துக்குக் காரணம் உண்டு. பழைய கம்பெனியிலும் இப்படித்தான் எல்லாவற்றையும் எழுதி வாங்கினார்கள். எழுதி முடித்த இரண்டாவது வாரம் பதினோரு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள், என்னையும் சேர்த்து. அப்போது என்னை இங்கே கொண்டுவந்து சேர்த்தவர் ச்சிங் அண்ணன். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. சர்வர் விஷயம் அத்தனையும் அவர் தலைக்குள்தான். எழுதி வாங்கிவிட்டால் அப்புறம் தலை எதற்கு?

புதன்கிழமை யீ-ஜென் சர்வர் அறையைப் பார்க்க வந்தாள். நானும் காவலுக்குப் போனேன். ஒவ்வொரு மெஷின் மேலும் பச்சை நிறச் சோளப்பொரிப் பொட்டலம் இருந்தது. பச்சை இருந்தால் மெஷின் சொன்ன பேச்சுக் கேட்கும் என்பது எங்கள் ஊர் சர்வர் அறைகளின் நம்பிக்கை. மஞ்சள் ஆகாது, தேதி தாண்டிய பொட்டலமும் ஆகாது. சிரிப்பாள், அறிக்கையில் எழுதுவாள் என்று பார்த்தேன். அவளோ குனிந்து பொட்டலத்தின் தேதியைப் படித்தாள்.

"யாரு அண்ணே மாத்துறது?"

"நானேதான். பதினோரு வருஷத்துல ஒண்ணுகூட தேதி தாண்டினதில்ல." பெருமையோடு பதிவேட்டை நீட்டினார். தேதி, கையெழுத்து எல்லாம் ஒழுங்காக இருந்தன.

"நான் சொல்ற முறை இதுதான் அண்ணே. நீங்க ஏற்கெனவே செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கீங்க."

நல்லா ஐஸ் வைக்கிறாள் என்று நினைத்தேன். அவள் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். பேக்கப் என்ற தலைப்பின் கீழ் மாதாமாதம் 'சரி' என்று எழுதியிருந்தது.

"சரின்னா? திரும்ப எடுத்துப் பாத்தீங்களா?"

"பச்சை லைட்டு எரியுதுல்ல."

"ஒண்ணே ஒண்ணு எடுத்துப் பாக்கலாமா?"

அண்ணன் கீபோர்டில் மெதுவாகத் தட்டினார். கோப்புறை காலி. மார்ச் மாதத்திலிருந்து ஏழு மாதமும் காலி. அத்தனை நோயாளிகளின் விவரமும் ஒரே ஒரு பிரதியாக இருந்திருக்கிறது.

"நீ எதையாவது தொட்டியா?" என்று அவள்மேல் பாய்ந்தேன்.

"கீபோர்டு பக்கமே போகல பெய் அக்கா."

உண்மைதான். அப்போதுதான் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் அதிர்ச்சியே இல்லை.

நல்லவேளை, எதுவும் போகவில்லை. மாலைக்குள் ஹூங் ஜுன் உதவியோடு புதிய பேக்கப் எடுத்துவிட்டார். பிறகு மாடிப்படியில் அவரைப் பிடித்தேன்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்ல?"

"ஜூன்ல தெரியும். நானே சரி பண்ணிடலாம்னு பாத்தேன், முடியல."

"ஏன் அண்ணே சொல்லல? நான் என்ன அந்நியமா?"

"சொன்னா உன் லிஸ்ட்ல ஏத்திருப்ப. திங்கக்கிழமை சுவத்துல என் பேரைப் பெரிசா போட்டிருப்ப."

ஒவ்வொரு திங்கட்கிழமையும் பிழைப் பட்டியலைச் சுவர்த் திரையில் போடுவது நான்தான். ஒவ்வொரு பிழைக்கும் எதிரே செய்தவர் பெயர் இருக்கும், நானே ஏற்படுத்திய வழக்கம். பொறுப்பு வரும் என்று நினைத்தேன்.

"அந்தப் பொண்ணைப் பாத்து யாரும் பயப்படல பெய். இங்க எல்லாருக்கும் பயம் உன்னைப் பாத்துதான்."

அன்றைக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. கோபம் அவர்மேலா என்மேலா என்றே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை முதலாளி கேட்பதற்கு முன்பே யீ-ஜென்னிடம் கேட்டேன். "இந்த முறையில பிழை எழுதுறப்போ பண்ணினது யாருன்னு போடணுமா?"

"வேண்டாம் அக்கா. எந்த இடத்துல நழுவிச்சுன்னு மட்டும் போதும்."

அவளை இன்னும் முழுதாக நம்பவில்லை. ஆனால் காலி கோப்புறையை என் கண்ணால் பார்த்துவிட்டேன். கை தூக்கினேன். ஹூங் ஜுன்னும் தூக்கினான். ச்சிங் அண்ணனின் கை மேசைமேலேயே இருந்தது. இரண்டுக்கு ஒன்று, புது முறைக்கு மாறுவது என்று முடிவானது.

எல்லோரும் போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

"எல்லாத்தையும் எழுதிக் குடுத்தப்புறம் என்னை அனுப்பிட மாட்டாங்களா?"

"நான் விடுவேனா? நான் இருக்கேன்ல அண்ணே!"

என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அதை எழுதிக் குடு."

கேலி செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.