செத்தா போயிருவ?

என் குரல் எப்படியிருக்கும் என்று நாற்பத்துமூன்று வயதுவரை எனக்குத் தெரியாது. ஹட்டனில் ஒரு நாள் பயிற்சி வைத்து, தொழிலாளர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று திரையில் படம் போட்டுக் காட்டினார்கள். தேநீரும் ரோல்ஸும் நன்றாக இருந்தன. மற்றது எதுவும் மண்டையில் ஏறவில்லை. எனக்குப் புத்தி வர ஒரு மைனா வேண்டியிருந்தது.

வட்டகொடைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். நான் பிரேமினி, கொழுந்து எடுக்கும் இருபத்திரண்டு பெண்களுக்குக் கங்காணி. பொம்பளைக் கங்காணி இரண்டு மடங்கு கத்தினால்தான் மதிப்பார்கள் என்று நினைத்தேன், கத்தினேன். காலையில் வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்கு ஆள் சேர்க்க, வரிசை வீடுகள் இருக்கும் லயத்து வழியே போவேன். லயத்தின் கடைசி வீடான தொங்கல் காம்பராவில் ராக்காயி அக்கா இருந்தார். ஐம்பத்தாறு வயது, முழங்கால் வலி. “இன்னிக்கு ஏலாதுங்க கங்காணியம்மா” என்பார். நான் நிற்காமலே, “ஒரு நா வந்தா செத்தா போயிருவ?” என்பேன். “இந்தா வாறேங்க” என்று கூடையை எடுப்பார்.

தினமும் இதே பேச்சுதான். நல்லது கெட்டதுக்குப் போனால் அவரை அக்கா, வாங்க, போங்க என்பேன். வேலை நேரத்தில் நீ. அது எனக்குத் தப்பாகவே படவில்லை. செத்தா போயிருவ என்பதும் எங்களில் எல்லார் வாயிலும் கிடப்பதுதான். பிள்ளை சோறு வேண்டாமென்றால்கூட, இரண்டு வாய் தின்றால் செத்தா போயிருவ என்போம்.

ஆடி மாதம் ஆறாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்தோம். முன்னால் நிற்கும் ஆள் தெரியாத பனி. ராக்காயி அக்கா என்னிடம் வந்து, “அந்தக் கருப்பந்தைல மரத்துப் பக்கம் என்னமோ இரையுதுங்க” என்றார். அவருக்கு விட்ட நிரையில் பாதிகூட முடியவில்லை. சாக்கு என்று நினைத்தேன்.

“அந்த நெரய முடிச்சா செத்தா போயிருவ?”

“இந்தா போறேங்க.”

கொஞ்ச நேரத்தில் குளவி கலைந்தது. கூடைகளைப் போட்டுவிட்டு எல்லாரும் ஓடினோம். முதலில் ஓடியவள் நானாகக்கூட இருக்கலாம். முழங்கால் வலிக்காரர் எப்படி ஓடுவார்? ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. குளவி கொட்டிச் சாவு என்று எழுதினார்கள். நான் சொன்னதை யாரும் எழுதவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் காலை லயத்து வழியே போனேன். தொங்கல் காம்பராவின் கதவு சாத்தியிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. சாத்திய கதவுக்குள்ளிருந்து என் குரல் வந்தது.

“செத்தா போயிருவ?”

என் கை தானாக வாய்க்குப் போனது. உதடு மூடித்தான் இருந்தது. மறுபடியும் அதே குரல். எவ்வளவு அலட்சியம் அதில்! நாயை விரட்டுகிற குரல். பனிக்குள் விழுந்தடித்து ஓடினேன்.

அதற்குப் பிறகு மேல் பாதையால் சுற்றிப் போனேன். பலனில்லை. மலையில் நிற்கும்போதும் காதுக்குப் பின்னால் அது கேட்டது. ஆறாம் நம்பரில் பெண்களை எண்ணினால் எனக்கு இருபத்திரண்டுதான் வரும். இருப்பதோ இருபத்தொன்று. பயந்து செத்தேன், வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிந்து போய்க் கதவைத் தட்டினேன். ராக்காயி அக்காவின் புருஷன் செல்லசாமி அண்ணன் திறந்தார். உள்ளே, கதவை ஒட்டி ஒரு கம்பிக் கூண்டு, அதில் ஒரு மைனா. தகரக் கூரையிலிருந்து விழுந்த குஞ்சை அக்கா எடுத்து வளர்த்தாராம்.

“இதுக்கு யாரு கத்துக் குடுத்தது அண்ணே?”

“யாரும் கத்துக் குடுக்கலங்க. தெனமும் காலயில கேக்குறத சொல்லுது.”

“எங்கயாச்சும் விட்டுருங்களேன். கேக்க ஏலல.”

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “நீங்க முழுசா கேக்கலங்க” என்றார். “கொஞ்சம் நில்லுங்க.”

மைனா கழுத்தைச் சாய்த்து என்னைப் பார்த்தது. என் குரலில் கேட்டது. பிறகு குரலை மாற்றி, மெதுவாக, ராக்காயி அக்காவாகவே பதில் சொன்னது.

“இந்தா வாறேங்க.”

“அவ கொரலு போன்ல கூட இல்லங்க. இதுகிட்டத்தான் இருக்கு” என்றார் செல்லசாமி அண்ணன். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். என் குரல் கேட்காமல் அக்காவின் குரல் அவருக்குக் கிடைக்காது. நான் அவர் வீட்டில் செய்துவைத்த வேலை அது.

ஐப்பசியில் மறுபடி ஆறாம் நம்பர் மலை, மறுபடி பனி. தனுஜா என்ற பிள்ளை, சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, கையை நிறுத்திவிட்டு, “என்னமோ இரையுற மாதிரி இருக்குங்க” என்றாள். நான் காது கொடுத்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது, சத்தியமாக வந்துவிட்டது. அதே அலட்சியம், அதே குரல். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“எல்லாரும் எறங்குங்க. கூடய அப்புறம் பாப்போம்.”

கீழ் ரோட்டில் இருபத்தொரு பேரையும் தொட்டுத் தொட்டு எண்ணினேன். மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா மோட்டார் சைக்கிளில் வந்தார். மலையில் ஆளில்லாததைப் பார்த்து முகம் சிவந்துவிட்டது.

“எங்க குளவி? ஒன்னையாச்சும் கண்டியா?”

“இல்லங்க ஐயா.”

“அப்ப என்ன? அந்த நெரய முடிச்சா செத்தா போயிருவாளுக?”

பெண்கள் என் பின்னால் நின்றார்கள். அவர்கள் எல்லாரும் ஆடியில் அன்றைக்கு என் வாயால் அதைக் கேட்டவர்கள்.

“போயிருவாங்க ஐயா” என்றேன். “ஒருத்தர் போனாங்க. நான்தான் அனுப்புனேன்.”

அவர் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மலையில் கூடு இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை மேல் பாதையை விட்டுவிட்டு லயத்து வழியே வந்தேன். தொங்கல் காம்பரா முன்னால் நின்றேன். உள்ளேயிருந்து என் குரல் கேட்டது. ஓடவில்லை, முழுசாக நின்று கேட்டேன். பிறகு அந்த மெல்லிய குரல்.

“இந்தா வாறேங்க.”

கதவோரம் குனிந்து சொன்னேன்.

“வேணாம்க்கா. முழங்கால் வலியோட எங்க வருவீங்க? நீங்க இருங்க.”