விலாசத்தைக் கலைத்துப் போடுவது

எங்கள் பக்கத்தில் பெரிய வீடுகளுக்கு எழுத்துதான் பெயர். தாத்தா, அப்பா, மகன் என்று அந்த வம்சத்து ஆண்களின் முதலெழுத்துகளை ஆங்கிலத்தில் கோத்து வாசலுக்கு மேலே எழுதி வைத்திருப்பார்கள். அதை விலாசம் என்பார்கள். கல்யாணப் பத்திரிகையில், அண்டாவில், கரண்டியில்கூட அதே எழுத்துகள்தான். பெண்களின் எழுத்து ஒன்றுகூட அதில் இருக்காது. சரி, அது அவர்கள் வீட்டு விஷயம்.

நான் அந்த எழுத்துகளில்தான் ஆங்கிலம் படித்தேன்.

எனக்கு ஊர் மானகிரி. பெயர் ரேணுகா. பி.காம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். மேடையில் பேசுகிறவர்களுக்கு அது பெருமை. அந்தப் பெருமையோடு காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறேன். நிற்கிறேன் என்றால் நிஜமாகவே நிற்கிறேன். உட்கார உரிமை உண்டு என்று சட்டம் வந்துவிட்டது, நாற்காலிதான் இன்னும் வரவில்லை. சாயங்காலம் கடையை விட்டு இறங்கும்போது கால் இரண்டும் வேறு யாருடையவோ மாதிரி இருக்கும்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழி முழுக்கப் பூட்டிக் கிடக்கும் பங்களாக்கள். என்னோடு ரவிக்கைத் துணிப் பிரிவில் நிற்கும் பர்வீன் பானுவும் கூட வருவாள். பேச இருவருக்கும் தெம்பு இருக்காது. அப்படி ஒரு நாள் சும்மா அண்ணாந்து பார்த்தபோதுதான் தோன்றியது. போட்டித் தேர்வுப் புத்தகத்தில் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு வார்த்தை கண்டுபிடிக்கச் சொல்வார்களே, அது இங்கே தெரு நெடுகத் தொங்கிக்கொண்டிருக்கிறதே!

முதல் வீட்டில் கே.ஆர்., எம்., ஏ., எஸ். என்று இருந்தது. பல நாள் முயன்றும் எனக்கு ஒன்றும் வரவில்லை. காரணம், கே.ஆர். என்றால் எனக்கு ஒரே ஆள். கருப்பனோ கருப்பையாவோ, யாரோ ஒரு பெரியவர். எங்கள் அப்பா அந்த மாதிரி வீடுகளைத் தாண்டும்போது தோள் துண்டை இறக்குகிறவர். அந்த இரண்டு எழுத்தையும் தனித்தனியாகப் பிய்க்கலாம் என்று எனக்குப் புத்திக்கே எட்டவில்லை.

பர்வீன்தான் கேட்டாள். "ஏண்டி, அந்தக் கே-யையும் ஆரையும் ஒட்டியே வச்சுக்கிட்டு இருக்க?"

"அது அவுக பேருடி."

"பேரா இருந்தா என்ன, அவுகளா வந்து கேக்கப் போறாக? பிச்சுப் போடு."

பிய்த்துப் போட்டேன். மார்க்ஸ் என்று வந்தது. மதிப்பெண். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு அடி வாங்கிக் கொடுத்த வார்த்தை. தெருவில் நின்று இரண்டு பேரும் சிரித்தோம்.

அதற்குப் பிறகு சில விதிகள் வைத்துக்கொண்டோம். எல்லா எழுத்தும் தீர வேண்டும். கிடைத்த வார்த்தையின் அர்த்தத்தைப் போனில் பார்க்க வேண்டும், போனையே பேசவிட்டு உச்சரிப்பைக் கேட்க வேண்டும். மறுநாள் கடை மூடுவதற்குள் யார் மேலாவது அந்த வார்த்தையைப் பயன்படுத்திவிட வேண்டும். எல்., ஆர்., ஏ.என்., எஸ். வீட்டில் ஸ்னார்ல் கிடைத்தது. நாய் பல்லைக் காட்டி உறுமுவது. எங்கள் சூப்பர்வைசருக்காகவே அந்த வீட்டைக் கட்டியிருக்கிறார்கள். எம்., சி., ஏ.எல். வீட்டில் நான் காம் என்றேன், அமைதி. அவள் அதே நாலு எழுத்தில் கிளாம் என்றாள். "மட்டிச் சிப்பிடி. தொண்டியில எங்க மாமி வீட்டுப் பக்கம் மண்ணைத் தோண்டுனா வரும். ஒனக்கு அமைதி, எனக்குச் சோத்துக்கு ஆணம்!" ஆணம் என்றால் அவர்கள் வீட்டில் குழம்பு.

ஒரு குறை உண்டு. அண்ணாமலையோ அருணாசலமோ இல்லாத வம்சம் இல்லை, அதனால் எல்லா வாசலிலும் ஏ உண்டு. மற்ற உயிரெழுத்துகள் அபூர்வம். என் ஆங்கிலம் முழுக்க ஏ-யாகவே இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு பழைய பங்களாவை ஓட்டலாக மாற்றியவர்கள் வரவேற்பு மேசைக்கு ஆள் கேட்டார்கள். ஃப்ரண்ட் ஆபீஸ். முன்னமே ஒருமுறை எட்டிப் பார்த்திருந்தேன். அந்த மேசைக்குப் பின்னால் சாய்வு வைத்த நாற்காலி இருந்தது. எனக்கு அந்த வேலை வேண்டும். ஆங்கிலம் பேச வேண்டும், உட்கார வேண்டும், இரண்டுக்காகவும் வேண்டும்.

மேனேஜர் சென்னைக்காரர். ஆங்கிலத்தில் கேட்டார், ஆங்கிலத்தில் சொன்னேன். ஐ ஆம் காம், ஐ ஆம் ஸ்மார்ட், ஐ கேன் ஸ்டார்ட் ஃபாஸ்ட். எல்லாம் ஏ. அவர் சிரிக்கவில்லை. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு இதெல்லாம் எங்கே கற்றுக்கொண்டாய் என்றார். சொன்னேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"காட்டுங்க, காட்டுங்க. எந்தெந்த வீடு?"

மத்தியான வெயிலில் அவரைத் தெருத்தெருவாக அழைத்துப் போனேன். ஒவ்வொரு வாசலுக்கும் போட்டோ எடுத்தார், வார்த்தையைச் சொல்லச் சொல்லிப் போனில் பதிவு செய்தார். ஃபென்டாஸ்டிக், ஃபென்டாஸ்டிக் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் "கூப்பிடுறோம்மா" என்றார்.

வேலை கிடைத்துவிட்டது என்றே அன்றைக்கு நம்பினேன். வீட்டில் சொன்னபோது அப்பா கேட்டார், "எந்த வீடு ஆத்தா அது?" விலாசத்தைச் சொன்னேன். "அந்த வீட்டுக்குள்ளயா ஒக்காரப் போற?" என்றார்.

கூப்பிடவில்லை. நானாகப் போன் செய்தபோது, "ப்ராசஸ்ல இருக்கு" என்றார்கள்.

பிறகு ஒரு சாயங்காலம் பார்த்தோம். வெள்ளைக்காரர்கள் ஒரு கூட்டம் கையில் அச்சடித்த அட்டையும் பென்சிலும் வைத்துக்கொண்டு கே.ஆர். வீட்டு வாசலை அண்ணாந்து பார்த்து நின்றார்கள். முன்னால் ஓட்டல் சட்டை போட்டு தேவா. தெருவில் நாங்கள் விளையாடுவதைப் பார்த்திருக்கிற அமராவதிபுதூர்ப் பையன், சென்னையில் ஓட்டல் படிப்பு படித்தவன். நாற்காலியும் அவனுக்குத்தான் போயிருந்தது.

பர்வீனுக்குக் கொதித்துவிட்டது. "ஒன் வாயில இருந்து புடுங்கி அட்டை அடிச்சிருக்கானுகடி! போய்க் கேளு."

"கேட்டா?"

"கேட்டா என்னவா? நாக்கப் புடுங்குற மாதிரி நாலு வார்த்தை."

"ஏ இல்லாத வார்த்தையெல்லாம் எனக்கு வராதுடி" என்றேன். அன்றைக்குக் கோபப்படக்கூடக் காலில் வலு இல்லை. கல்யாண சீசன். காலையிலிருந்து பட்டுத் துணிகளை விரித்து, மடித்து, விரித்து, மடித்து. பஸ் ஏறிவிட்டோம்.

அடுத்த வாரமும் அதே கூட்டம், ஆட்கள் மட்டும் வேறு. ஏ.ஆர்., எஸ்.பி. என்று தொடங்கும் வீட்டு முன்னால் சிக்கிக்கொண்டு நின்றார்கள். ஒரு வயதான அம்மாள் பென்சிலால் அட்டையைத் தட்டி என்னவோ கேட்டுக்கொண்டிருந்தாள். தேவாவுக்கு வேர்த்து ஊற்றியது. எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தான்.

"அக்கா, எங்க போறீக, செத்த நேரம் நில்லுங்க. எனக்குக் குடுத்த அட்டையில விடை ஸ்பார்க்னு போட்டிருக்கு. அந்தம்மா கே எங்கன்னு கேக்குது. கே-யே இல்லக்கா மேல!"

அண்ணாந்து பார்த்தேன். கடைசி எழுத்து எம்.

"ஏன்டா தம்பி, இந்த ஊருதானே நீ?" என்றாள் பர்வீன். "அண்ணன் தம்பிக்குள்ள பங்கு பிரிஞ்சு வீடு சின்னவருக்குப் போச்சு. கே-யை அழிச்சுட்டு எம்முன்னு எழுதிப்புட்டாக. சாரம் கட்டி எழுதினப்ப தெருவே நின்னு பாத்துச்சு. ஒங்க ஓட்டல்காரவுக போட்டோவப் பாத்தா அட்டை அடிக்கிறது?"

"ஒரே ஒரு வார்த்தைதான் அக்கா. விடை மட்டும் சொல்லிட்டுப் போங்க. மேனேஜர் சார் என்னைய வய்வாரு."

பேசாமல் போயிருக்கலாம். தேவா மேல் எனக்குக் கோபம் இல்லை, அவன் காலிலும் செருப்பு தேய்ந்துதான் இருந்தது. ஆனால் அவனிடம் சொல்ல மனம் ஒப்பவில்லை. நேராக அந்த அம்மாளிடம் போனேன். ராம்ப்ஸ் என்றேன், கையைச் சரித்துக் காட்டினேன், தள்ளுவண்டி ஏற்றுகிற சாய்தளம். அவள் எழுத்தை ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்துவிட்டுக் கை தட்டினாள். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள்.

"இந்த விளையாட்டு என்னுடையது. நானும் இவளும் தினமும் வேலை முடிந்து வரும்போது விளையாடுவது. உங்கள் ஓட்டலில் வேலை கேட்டுப் போனபோது வாங்கிக்கொண்டார்கள். வேலை தரவில்லை."

ஆங்கிலத்தில்தான் சொன்னேன். மனதுக்குள் ஒத்திகை பார்க்காமல் என் வாயிலிருந்து வந்த முதல் ஆங்கிலம் அது. தப்பும் தவறுமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அந்த அம்மாள் அட்டையைக் கீழே இறக்கிவிட்டாள். தேவா தலையைக் குனிந்துகொண்டான். நாங்கள் பஸ்ஸுக்கு நடந்தோம்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. மேனேஜர்.

"ரேணுகா, கெஸ்ட் உங்களைப் பத்தி ரொம்ப எழுதியிருக்காங்க. நீங்க வந்து சேர்ந்திடுங்க."

சோற்றுக் கையோடு எழுந்து நின்றேன். "ஃப்ரண்ட் ஆபீஸுக்கா சார்?"

"அது ஃபில் ஆயிடுச்சும்மா. இது வாக் நடத்துறது, கெஸ்டைத் தெருவெல்லாம் நடத்திக் கூட்டிட்டுப் போறது. தினம் காலையிலயும் சாயங்காலமும். உங்களுக்குத்தான் தெரு எல்லாம் அத்துப்படியாச்சே."

"உக்கார எடம் இருக்குமா சார்?"

சிரித்தார். நகைச்சுவை என்று நினைத்திருப்பார். "நடக்கிற வேலைக்கு எதுக்கும்மா நாற்காலி?"

பர்வீன் டிபன் பாக்ஸ் மூடியைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் என்னை வைக்க அவருக்கு மனம் வராது. வெயிலில் வைக்க வரும். இத்தனை நாளாக அந்த விளையாட்டையும் அந்த நாற்காலியையும் நான்தான் ஒட்டி வைத்திருந்தேன். அவர் பார்த்த அன்றைக்கே இரண்டையும் பிரித்துவிட்டார்.

"அப்ப வேண்டாம் சார். நிக்கிற வேலை எனக்கு இருக்கு."

"யோசிச்சுச் சொல்லுங்களேன்."

"யோசிச்சுட்டேன் சார். மேசை காலியானா கூப்பிடுங்க, வர்றேன்."

"சரி, வேற எந்தெந்த வீட்டுல எழுத்து மாறியிருக்குன்னு மட்டும் ஒரு மெசேஜ் போட்டு விடுறீங்களா?"

"தெருவுல போய்ப் பாருங்க" என்று வைத்துவிட்டேன்.

பர்வீன் மூடியால் என் தோளில் ஒன்று வைத்தாள். "லூசு. ஏசி ரூம்ல சோறாவது தின்னுருக்கலாம்ல?"

"நீ போறியா? நம்பர் தர்றேன்."

"எனக்கு எதுக்குடி? நான் போனா நீ யார் கூட நடப்ப?"

அன்றைக்கு வேறு தெரு வழியாக வந்தோம். கீழச்சிவல்பட்டிக் கல்யாணத்துக்காரர்கள் ஒரு கடையையே கீழே இறக்கிப் பார்த்துவிட்டு நாளைக்கு வருகிறோம் என்று போயிருந்தார்கள். குதிகால் எரிந்தது. யாரும் போட்டோ எடுக்காத ஒரு பங்களா, வாசலில் வேப்பங்கன்று முளைத்துக் கிடந்தது. மேலே எல்., பி., எஸ்., ஏ.

"ஸ்லாப்" என்றேன் உடனே. கன்னத்தில் விழுகிற அறை.

அவள் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள். "பால்ஸ்" என்றாள். கூட்டாளிகள்.

"நாளைக்கு ஒன் வார்த்தைய யார் மேல பயன்படுத்தப் போற?"

"ஒன் மேலதான். நீ ஒன்னோடத சூப்பர்வைசருக்கு வச்சுக்க."

பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. மானகிரி வரை கம்பியைப் பிடித்தபடி நின்றேன்.