பெத்தணன் இழுக்கும் லாபம்

யார் எப்போது சும்மா நிற்கிறார்கள் என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் பாண்டிமீனாவுக்கு வாய்த்த வேலை. விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷன். அதன் கூட்ஸ் ஷெட்டுக்கு அவள் சூப்பர்வைசர். உர மூட்டையோடு சரக்கு ரயில் வந்து நின்றால், கொடுத்த நேரத்துக்குள் வேகன்களைக் காலி செய்து திருப்பி அனுப்ப வேண்டும். நிற்கிற வேகன் தண்டம் என்பார் மேலதிகாரி சரவணக்குமார். அவளும் அதை நம்பினாள். நம்பித்தான் பெத்தணனின் வாயை அடைத்தாள்.

லோடுமேன்களில் பெத்தணன்தான் மூத்தவர். ஒவ்வொரு வேகனிலும் முதல் மூட்டைக்குக் குரல் கொடுப்பது அவர்தான். ‘ஒண்ணு’ என்று சொல்லமாட்டார், நெல் அளக்கிறவர்களைப் போல ‘லாபம்’ என்பார். அதையாவது சட்டென்று சொல்லித் தொலைப்பாரா? கதவோரம் நின்று அண்ணாந்து, ‘லா…’ என்று இழுப்பார், இழுப்பார், அப்படி இழுப்பார். முடித்த பிறகுதான் கை மூட்டைக்குப் போகும். மொத்த ரயிலுக்கும் இந்த இழுவையில் எவ்வளவு நேரம் போகிறது என்று பாண்டிமீனா கணக்குப் போட்டுப் பார்த்தாள். வயிறு எரிந்தது.

“அண்ணே, கச்சேரியெல்லாம் வேண்டாம். ஒண்ணுன்னு சொல்லிட்டுத் தூக்குங்க.”

“ஒண்ணுன்னு ஆரம்பிச்சா வெளங்குமா மேடம்?” என்று சிரித்தார். ஆனாலும் அவள் பேச்சைத் தட்டவில்லை. அடுத்த வேகனிலிருந்து ‘ஒண்ணு’தான். மாதக் கடைசியில் ஒரு வேகனில் ‘ஒண்ணு’ என்றார், குனிந்தார், இழுத்தார். மேல் அடுக்கு மொத்தமாகச் சரிந்து அவர்மேல் விழுந்தது. வெளியே எடுத்தபோது உயிர் இல்லை.

அந்த மாதம் வேகமாக வேலை முடித்த ஷெட் என்று மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. பாண்டிமீனா அன்று சோறு உண்ணவில்லை.

அதற்குப் பிறகு ஷெட் படுத்துவிட்டது. ஆட்கள் அதே ஆட்கள், மூட்டையும் அதே மூட்டை. ஆனால் வேகன் கதவைத் திறந்ததும் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்கள். பேச்சு இல்லை, பீடி இல்லை. பிறகு யாரோ உத்தரவு கொடுத்ததுபோல ஒன்றாக உள்ளே ஏறுவார்கள். எண்ணிக்கை ‘ரெண்டு’ என்றுதான் தொடங்கும்.

“எதுக்கு இப்படி நிக்கீக?” என்று பெத்தணனின் தம்பி காளீஸ்வரனிடம் ஒருநாள் கேட்டாள்.

“அண்ணன் சொல்லி முடிக்கணும்ல மேடம்.” அவளை உற்றுப் பார்த்தான். “உங்களுக்குக் கேக்கலையாக்கும்?”

கேட்கவில்லை. கேட்காததில் நிம்மதியா வருத்தமா என்று அவளுக்கே தெரியவில்லை. சூலக்கரை வீட்டுக்குப் போய் ஃபேனைப் போட்டால் அந்தச் சத்தத்தில்கூட அவள் காது எதையோ தேடியது. இதை மேலே என்னவென்று சொல்ல முடியும்? தாமதம், தாமதம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். சரவணக்குமாரின் பொறுமை தீர்ந்தது. இன்றைக்கும் நேரம் தாண்டினால் இனி இந்த ஷெட்டுக்குச் சரக்கு ரயிலே வராது, வேறு ஊருக்குத் திருப்பிவிடுவோம் என்று சொல்லிவிட்டார். ரயில் வராவிட்டால் இத்தனை குடும்பத்துக்கும் பிழைப்பு இல்லை.

மத்தியான வெயிலில் கடைசி வேகனைத் திறந்தார்கள். எஞ்சின் தயாராக நின்றது. விஸ்வநத்தம் பக்கம் வெடி போட்டுப் பார்க்கிற சத்தம் வந்தது; யாரும் திரும்பவில்லை. ஆட்கள் தலையைக் குனிந்தார்கள்.

“இன்னைக்கு ஒருநாள் மட்டும் ஏறுங்கண்ணே, கும்பிடுதேன்,” என்றாள் பாண்டிமீனா. காளீஸ்வரன் அவளுக்காக மனம் இரங்கி ஒரு காலை உள்ளே வைத்தான்.

‘லா…’

வேகனுக்குள்ளிருந்து வந்தது. அவளுக்கு மேலெல்லாம் புல்லரித்தது. பெத்தணனின் குரலேதான், அதே கரகரப்பு, அதே அவசரமில்லாத இழுவை. குரல் வந்த இருட்டைப் பார்த்து அவள் தன்னை அறியாமல் அண்ணாந்தாள். மேல் அடுக்கு மூட்டைகள் கதவுப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு நின்றன.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. லாபத்தை இழுக்கிற நேரம் முழுக்கப் பெத்தணனின் கண் அங்கேதான் இருந்திருக்கிறது. அது அவருக்கே தெரிந்திருக்குமோ என்னவோ. அந்தப் பார்வையைத்தான் இவள் தண்டம் என்று கழித்துவிட்டாள்.

“எறங்குலே காளி!” என்று கத்தி, அவன் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தாள். போன் அடித்தது. சரவணக்குமார்.

“ஏம்மா, ஆரம்பிச்சாச்சா இல்லையா?”

“இல்ல சார்.”

“அது யாரும்மா பின்னால, ராகம் போட்டுக்கிட்டு? சீக்கிரம் முடிக்கச் சொல்லு மொதல்ல.”

பாண்டிமீனா ஆட்களைப் பார்த்தாள். எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குரல் இன்னும் இழுத்துக்கொண்டே இருந்தது.

“சொல்லமாட்டேன் சார்,” என்றாள். “ஒரு தடவை சொல்லிட்டேன்.”