தலைக்கு ஊற்றிய தண்ணீர்

மூன்றாவது நாளும் ஃபோங்கின் அறையில் துடைப்பம் படவில்லை. ஜெயித்துக்கொண்டிருப்பவனின் அறையைப் பெருக்கினால் அதிர்ஷ்டமும் குப்பையோடு போய்விடும் என்பது மக்காவு நகரில் சூதாட்ட ஹோட்டல் வேலைக்கு வரும் எவனுக்கும் முதல் வாரத்திலேயே பழகிவிடும். செவ்வாய்க்கிழமை அவன் சீட்டாட உட்கார்ந்தபோது அறை எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. பாதி விலகிய திரை, தட்டில் காய்ந்த ஆரஞ்சுத் தோல், சோபாவில் அவன் மனைவி லாய்-குன். அசையக் கூடாதவற்றில் அவளும் ஒன்று. அதே சிவப்பு ஸ்வெட்டர்தான் போட வேண்டும். தலைக்குக் குளிக்கக் கூடாது, அறையை விட்டு வெளியே போகக் கூடாது. அவளுடைய போன் அன்று தற்செயலாக அவன் கோட்டுப் பையில் இருந்ததால் அங்கேயே இருக்க வேண்டும்.

யாரும் அவளைப் பூட்டி வைக்கவில்லை. அவளும் நம்பினாள், அவ்வளவுதான். எல்லைக்கு அந்தப் பக்கம் சோங்ஷானில் அவள் அம்மா இதய அறுவைக்காக ஆஸ்பத்திரியில் காத்துக் கிடந்தாள். ஜெயித்து எழுந்ததும் முதல் வேலை அந்தப் பணத்தைக் கட்டுவதுதான் என்று ஃபோங் சொல்லியிருந்தான். அம்மாவுக்காக சோபாவில் உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை.

நான் அந்த மாடியின் பணியாள். படிப்பைப் பாதியில் விட்டவன். மூன்று வருடம் இரவுப் பணியில் குடிகாரர்களின் வாந்தியைத் துடைத்தபின் விவியன்தான் என்னைப் பகலுக்கு மாற்றினாள். பெரிய ஆட்டக்காரர்களைக் கவனித்துக்கொள்வது அவள் வேலை. ஜெயித்தவன் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவானோ என்பதுதான் அவளுடைய ஒரே பயம். உட்கார வைத்தால் போதும், கொண்டுபோனது தானாகத் திரும்பி வரும்.

அன்று மதியம் நான் சூடான துண்டுகளோடு ஆட்ட அறைக்குப் போனபோது ஃபோங்கின் கோட்டுக்குள் லாய்-குன்னின் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. நான்காவது முறை எடுத்தான்.

"எப்போ? சரி, நான் சொல்லிக்கிறேன்."

சீட்டுப் போடும் பெண் கையை நிறுத்தியிருந்தாள். "நீ போடும்மா" என்றான். அந்த ஆட்டத்தையும் ஜெயித்தான். பிறகு எழாமலேயே விவியனையும் என்னையும் அருகில் கூப்பிட்டான்.

"மாமியார் செத்துட்டாங்க. காலைல."

"அடப் பாவமே. மேடத்தக் கூட்டிட்டுக் கிளம்பறீங்களா சார்?" விவியனின் குரல் உண்மையாகவே நடுங்கியது.

"எதுக்கு? நாளன்னிக்குத்தான் எரிக்கிறாங்க. துக்கத்துக்காரிய ரூம்ல வச்சுக்கிட்டு எவனாவது ஆடுவானா? அவளுக்குத் தெரியாத வரைக்கும் அவ துக்கத்துக்காரி இல்ல."

விவியன் என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "மேல ரூமுக்குப் போறவன் நீதான், ஆ-கியுங். வாய் நீண்டுச்சுன்னா மறுபடி ராத்திரி ஷிஃப்ட்தான் கண்ணா."

நான் கஞ்சியை எடுத்துக்கொண்டு மேலே போனேன். லாய்-குன் இரண்டு கையாலும் கிண்ணத்தை வாங்கினாள்.

"ஜெயிக்கிறாரா தம்பி?"

"ஜெயிக்கிறாரு மேடம்."

"எங்க அக்கா கூப்பிட்டாளாமா?"

"தெரியல மேடம். இல்லன்னுதான் நெனக்கிறேன்."

எங்கள் வழக்கத்தில் சாவு வீட்டில் சிவப்பு நூல்கூட ஆகாது. அவள் அந்த ஸ்வெட்டரில் ஒரு சொட்டுக் கஞ்சி சிந்தி, விரலால் வழித்து நக்கிக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். உண்மை நாக்கின் நுனியில் இருந்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். எங்கும் இல்லை. எனக்குப் பகல் வெளிச்சத்தில் வீட்டுக்குப் போகும் பேருந்துதான் நினைவில் இருந்தது.

மறுநாள் மதியம் அவள் சீப்பின் வாலால் தலையைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

"நாத்தம் அடிக்குதுல்ல? கூச்சப்படாம சொல்லு."

உண்மையைத் தர முடியாதவன் வேறு எதையாவது தர வேண்டும் போலிருந்தது. "குளிச்சுடுங்க மேடம். அவருக்கு எப்படித் தெரியும்? ஒண்ணும் ஆகாது."

"ஆச்சுன்னா உன்னத்தான் மாட்டி விடுவேன்" என்று சிரித்துக்கொண்டே குளியலறைக்குப் போனாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஏதோ நல்லது செய்துவிட்ட திருப்தியில் கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன்.

ஃபோங் இரண்டு மணிக்குத் தோற்கத் தொடங்கினான். நாலரைக்கு எழுந்துவிட்டான். மூன்று நாள் ஜெயித்ததோடு கொண்டுவந்ததும் போயிருந்தது. என்னை முன்னால் நடக்கவிட்டு மேலே வந்தான். கதவைத் திறந்ததும் ஷாம்பு வாசனை அடித்தது. அவளுக்கு அடர்த்தியான கூந்தல், நுனி இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"தலைக்குக் குளிச்சியா?"

அவள் என்னைப் பார்த்தாள். என் பெயரைச் சொல்லவில்லை. "அரிச்சுதுங்க. லேசாத்தான்."

"எத்தன மணிக்கு?"

"ஒண்ணர இருக்கும்."

அவன் கோட்டிலிருந்து அவளுடைய போனை எடுத்து மேஜையில் வைத்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான். நான்கு நாளில் அவன் ஆடிய மிகச் சிறந்த ஆட்டம் அதுதான்.

"ஒண்ணரைக்குத்தான் உங்கம்மா போனாங்க."

வாசலில் விவியன் வந்து நின்றிருந்தாள். அம்மா செத்தது நேற்றுக் காலை என்று சொல்ல மூன்று பேர் இருந்தோம். குளிரூட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

லாய்-குன் அழவில்லை. போனைத் தொடவில்லை. தோளில் கிடந்த துண்டை உருவிக் கூந்தலை அதற்குள் திணித்து முறுக்கினாள். பிழிந்தாள். பிரித்துத் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி பிழிந்தாள். காய்ந்துவிட்டால் அம்மாவைக் காப்பாற்ற இன்னும் நேரம் இருக்கிறது என்பது போல அவ்வளவு வேகமாக. துண்டு ஊறிப்போயிற்று.

நான் இன்னொரு துண்டை எடுத்து நீட்டினேன்.