ஐஸ் பெட்டிக்கு நாலு ஸ்டார்

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் ஆட்கள் நாள் தவறாமல் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள். விருமாண்டிக்கு மட்டும் பதினோரு நாளாக ஒரு போன் வரவில்லை. கேத வீட்டில் உடலை வைக்கிற ஐஸ் பெட்டியை வாடகைக்கு விடுகிறவருக்கு இதைவிடக் கேவலம் என்ன வேண்டும்? பைபாஸ் பக்கம் புதிதாக ஒருத்தன் கடை போட்டிருந்தான். செல்லில் தேடினால் அவன் பேர்தான் முதலில் வந்து பல்லைக் காட்டியது. விருமாண்டியின் 'காளை ஐஸ் பெட்டி' எங்கோ நாலாம் பக்கத்தில் கிடந்தது. அழுகிற வீட்டில் எவன் நாலாம் பக்கம் வரை தள்ளிப் பார்ப்பான்?

தொழில் படுத்தால் கப்பலூரில் மச்சினன் ஜெயபாண்டியின் ரப்பர் கம்பெனிக்கு வாட்ச்மேனாகப் போக வேண்டும். சம்பளம் என்னவோ நல்ல சம்பளம்தான். ஆனால் காலையில் கேட்டைத் திறந்துவிட்டு அந்தப் பயலுக்கு 'குட்மார்னிங் சார்' சொல்ல வேண்டும். மூக்கு ஒழுக டவுசர் நழுவத் திரிந்த காலத்திலிருந்து பார்க்கிற பயல்! "கம்பெனியில எல்லாரும் சார்னுதான் கூப்புடணும் மச்சான். ஒறவு வேற, ரூல்ஸ் வேற" என்று முன்கூட்டியே சொல்லியும் விட்டான். யூனிஃபார்முக்கு அளவுகூட எடுத்தாயிற்று. அதற்குப் பேசாமல் பெட்டிக்குள் தானே ஏறிப் படுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார் விருமாண்டி.

அதனால்தான் ஃபர்ஹாவைப் பிடித்தார். காஜிமார் தெருப் பெண். தேடுகிறவர் கண்ணில் முதலில் படும்படி ஒரு கடையை கூகுளில் மேலே ஏற்றிவிடுவதுதான் அவளுக்குத் தொழில். ஒரு ஜவுளிக் கடையையும் ரெண்டு பிரியாணிக் கடையையும் ஏற்றிவிட்டவள்.

"எத்தன நாள்ல மொத எடத்துக்கு வரும் பாப்பா?"

"நாள் சொல்றவன் ஃபிராடுண்ணே. நான் சொல்ல மாட்டேன்."

இந்தப் பதிலே அவருக்குப் பிடித்துப்போனது. அவள் பெட்டிகளைச் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்தாள். கடைக்கென்று புது நம்பர் வாங்கினாள். எந்தெந்த ஊருக்கு வண்டி போகும் என்று கேட்டு எழுதிக்கொண்டாள். பழைய பக்கத்தில் எவனோ போட்டிருந்த 'நன்றி, மீண்டும் வருக'வைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு அழித்தாள். கடைசியில், "நீங்க ஒண்ணே ஒண்ணு செய்யணும்ணே. பெட்டி எடுத்தவங்ககிட்ட ரிவ்யூ வாங்குங்க. அஞ்சாறு போதும்" என்றாள்.

அங்கேதான் சனி பிடித்தது. பெட்டி எடுத்தவர் வீட்டு வாசலில் விருமாண்டி போய் நிற்க முடியுமா? அவர் தலையைக் கண்டாலே தெருவில் 'யாரு போயிட்டா?' என்பார்கள். கல்யாண வீட்டுப் பக்கம் வண்டியை நிறுத்தினால் கல் விழும். கேத வீட்டிலிருந்து கிளம்பும்போது 'வாரேன்' என்றுகூடச் சொல்லாமல் போகிற ஊர் இது. அங்கே திரும்பப் போய் ஸ்டார் கேட்பதாவது!

எனவே சொந்தக்காரர்களிடம் கேட்டார். அண்ணன் பேரனுக்குக் காதுகுத்து. கருப்பு கோயிலில் கிடா வெட்டு. பங்காளிகள் மொத்தமும் கூடியிருந்தார்கள். விருமாண்டி மைக்கைப் பிடுங்கி, "எனக்குச் செய்ய வேண்டிய மொறையெல்லாம் இதுல கழிச்சுக்கங்கப்பா. ஆளுக்கு அஞ்சு ஸ்டார் போட்டு விடுங்க" என்றார். அவ்வளவுதான், மொய் வாசிக்கிற ஆள் ஸ்டார் வாசிக்க ஆரம்பித்துவிட்டான். "தாய்மாமன் அருள்பாண்டி, அஞ்சு ஸ்டார்!" சம்பந்திக்கு ரோஷம் வந்துவிட்டது. "அவன் அஞ்சு போட்டா நான் பத்து போடுறேன். பத்து எங்கடா இருக்கு?" என்று செல்லைத் தட்டினார். கறிசோறு செரிப்பதற்குள் அறுபத்திரண்டு ரிவ்யூ விழுந்தது.

மறுநாள் ஃபர்ஹா ஒவ்வொன்றாக வாசித்தாள். 'பெட்டி சூப்பர். படுத்ததும் தூக்கம் வந்துருச்சு.' 'நல்லா குளுகுளுன்னு இருந்துச்சு. குடும்பத்தோட மறுபடி வருவோம்.' 'ருசி அருமை.'

"யா அல்லா! உள்ள படுத்தவன் எந்திரிச்சு வந்தாண்ணே ரிவ்யூ போட்டான்?"

"பாசக்காரப் பயலுக, பாப்பா."

"ருசின்னு ஒருத்தர் போட்ருக்காருண்ணே!"

"அது கிடாக்கறிக்குப் போட்ருப்பான்."

மூன்றாம் நாள் கடையின் பக்கமே காணாமல் போனது. போலி ரிவ்யூ என்று கூகுள்காரர்கள் தூக்கிவிட்டார்கள். இப்போது நாலாம் பக்கத்திலும் இல்லை, நாற்பதாம் பக்கத்திலும் இல்லை. அன்றைக்கென்று பார்த்து ஜெயபாண்டி போன் போட்டான். "யூனிஃபார்ம் தச்சு வந்துருச்சு மச்சான். ஒண்ணாந் தேதி வந்து சேந்துருங்க. ஆமா, தொப்பி சைஸ் எம்புட்டு?" விருமாண்டிக்கு அழுகையே வந்துவிட்டது.

ஃபர்ஹா எழுதிப் போட்டு மன்றாடி, பதினைந்து நாளில் பக்கத்தை மீட்டாள். அறுபத்திரண்டும் துடைத்துப் போயிருந்தது. "இப்ப ஒண்ணு வேணும்ணே. நெசமான ஒண்ணு. அது இல்லாம நான் தலைகீழா நின்னாலும் ஏறாது. போவீங்களா, மாட்டீங்களா?"

போனார். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் அன்னக்கொடியின் வீட்டுக்கு. ஐப்பசியில் அவள் புருஷன் தவறியபோது பெட்டி கொண்டுபோனவர் இவர்தான். வண்டியை ஊருக்கு வெளியே விட்டுவிட்டு நடந்தே போனார். அவரைப் பார்த்ததும் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்த அன்னக்கொடியின் கை நின்றது.

"இங்க யாருக்கும் ஒண்ணும் இல்லையே தம்பி?"

"எனக்காக வந்தேன்க்கா."

யூனிஃபார்ம், தொப்பி, சார், ஸ்டார் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். சொல்லச் சொல்ல வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவள் செல்லை எடுத்து நீட்டினாள். அவளுக்கு எழுத வராது. பேசினால் எழுத்தாகிற மைக்கை அமுக்கிக் கொடுத்தார். அன்னக்கொடி எதிரில் ஆள் இருப்பதுபோல் செல்லைப் பார்த்துப் பேசினாள்: "எங்க வீட்டுக்காரரு எறந்து, எம்மகன் துபாயிலருந்து வர ரெண்டு நாளாச்சு. அடமழை. கரண்டு இல்ல. இந்தத் தம்பி எங்கிட்டோ போயி ஜெனரேட்டர் கொண்டாந்து மாட்டிட்டு, பெட்டி பக்கத்துலயே ஒக்காந்துருந்துச்சு. பச்சத்தண்ணி குடிக்கல. எம்மகன் அவுக அப்பா மொகத்த நல்ல மொகமாப் பாத்தான். அம்புட்டுத்தேன்."

விருமாண்டி தலையைக் குனிந்துகொண்டார். அதை அவர் மறந்தே போயிருந்தார். அன்னக்கொடி ஸ்டாரை ஒவ்வொன்றாக எண்ணித் தொட்டாள். நாலோடு விரலை எடுத்துவிட்டாள்.

"இன்னும் ஒண்ணு இருக்குக்கா..."

"அஞ்சையும் குடுத்தா திரும்ப வான்னு கூப்புடுற மாதிரி ஆயிரும் தம்பி. நாலு போதும். கெளம்பு, சொல்லிக்காமப் போ."

சொல்லிக்கொள்ளாமல் வந்தார்.

ஒண்ணாம் தேதிக்கு ரெண்டு நாள் இருக்கையில் புது நம்பரில் முதல் போன் அடித்தது.

"காளை ஐஸ் பெட்டிங்களா? சார், திருவாதவூர்ல எங்க பார்ட்னரோட அப்பா தவறிட்டாரு. இன்னொரு மகன் வெளிநாட்டுலருந்து வரணும். சோழவந்தான் அம்மா ஒருத்தங்க எழுதிருந்ததப் படிச்சோம் சார். உங்க பெட்டிதான் வேணும்ங்குறாங்க. கொஞ்சம் சீக்கிரம் வாங்க சார்."

குரலை எங்கேயோ கேட்டதுபோல் இருந்தது. எங்கேயோவா? ஜெயபாண்டியேதான், கம்பெனி நம்பரிலிருந்து! 'உங்க பொணப்பெட்டி யாவாரம்' என்று இளக்காரமாகச் சொல்வானே தவிர, கடைக்கு என்ன பேர் என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. நம்பரும் புதுசு. 'மாப்ள, நாந்தேன்' என்பது விருமாண்டியின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டு, செல்லைக் காதோடு அழுத்திக் குரலை மாற்றினார்.

"லைன் சரியாக் கேக்கல. கடைசியா என்னமோ சொன்னீகளே, இன்னொரு வாட்டி சொல்லுங்க."

"சீக்கிரம் வாங்க, சார்!"

"பெட்டி கெளம்பிருச்சு" என்று சொல்லிவிட்டு விருமாண்டி வண்டியை எடுத்தார்.