சீர் ஏறாத வண்டி

போகியன்று காலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் இரண்டு பலகைகளோடு நான் நின்றுகொண்டிருந்தேன். போன வருஷம் தெருவுக்குப் புதிதாக சிமெண்ட் ரோடு போட்டார்கள். ரோடு முக்கால் அடி உயர்ந்துவிட்டது, வீடு பள்ளத்துக்குப் போய்விட்டது. ஊரில் உள்ள வண்டியெல்லாம் ஏறி இறங்குகிறது, எங்கள் வண்டிக்கு மட்டும் வயிறு தட்டும். அதனால் பலகை. நான் அதைச் சரியாகப் போட்டு, எதிரில் நின்று, வாங்க வாங்க, லெஃப்ட்ல ஒடிங்க, நில்லுங்க என்று கையைக் காட்ட வேண்டும். உள்ளே என் வீட்டுக்காரர் சகாதேவன், கைக்குழந்தைக்கு மருந்து புகட்டுகிறவர் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டி வருவார். எதிர்வீட்டு ரேணுகாம்பாள் கோலத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "தேர் கெளம்பிடுச்சா?" என்றாள். காதில் விழாத மாதிரி பலகைகளைத் தூக்கிச் சுவரில் சாய்த்தேன்.

சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு, இரண்டே சீட்டு. ஏறி உட்கார்ந்தால் தரையில் பாய் போட்டு உட்கார்ந்த மாதிரிதான், காலை நீட்டிக்கொள்ள வேண்டும். இந்தத் திருவண்ணாமலையில் அதற்கு ஓட இடம் ஏது? வேகத்தடை கொஞ்சம் உயரமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் இறங்கி, நடந்து தாண்டி, அந்தப் பக்கம் போய் மறுபடி ஏறிக்கொள்ள வேண்டும். வெயிட்டு கம்மியாகணுமாம். ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது செங்கம் ரோட்டில் பட்டுப்புடவையோடு நாலு தடவை இறங்கி ஏறினேன். ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருப்பார், பாவம். அன்றோடு சரி, எனக்கு என் ஸ்கூட்டி போதும்.

பொங்கல் சீரும் என் ஸ்கூட்டியில்தான் வரும். கரும்பு அந்தக் காரில் ஏறாது, பரங்கிக்காய் வைத்தால் சீட்டு கெட்டுவிடும், பானை வைத்தால் கீறல் விழும். ஆகவே, அக்காவுக்குச் சீர் கொடுக்கப் போகிற தம்பி வெள்ளை வேட்டி கட்டி வெறுங்கையோடு காரில் முன்னால் போவார். கரும்புக் கட்டும் மூட்டையுமாக அவர் பெண்டாட்டி அருணாதேவி பின்னால் போவாள். ஏழு வருஷமாக இதுதான் நடக்கிறது.

அந்தக் கார் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கீழ்பென்னாத்தூர் பக்கம் என் மாமனாருக்கு ரோட்டோரமாக மல்லாட்டை விளைகிற நிலம் ஒன்றரை ஏக்கர் இருந்தது. அவர் போன பிறகு பிளாட் போடுகிறவர்கள் நல்ல விலைக்குக் கேட்டார்கள். சொத்தில் பாதி இவருடைய அக்கா உண்ணாமலைக்கு, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவருக்கு, உண்டு. எங்கள் பக்கத்தில் பெண்கள் பங்கு கேட்டால் பிறந்த வீட்டு வாசல் மூடிவிடும் என்பார்கள். அண்ணி கேட்கவில்லை. மாம்பழக் கலரில் ஒரு பட்டுப்புடவை, தாம்பாளத்தில் மஞ்சள் குங்குமம், அவ்வளவுதான். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். பதிவு அலுவலகம் மாடியில் இருந்தது. அண்ணி படிக்கட்டில் நின்று நின்று ஏறினார். ராகு காலம் பிறக்கப் போகிறது என்று நான்தான் முழங்கையைப் பிடித்து அவசரப்படுத்தினேன். தாம்பாளம் பிடித்ததும் நான்தான். அன்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

எங்கள் பாதியில் வீடு கட்டினோம். அண்ணியின் பாதியில், சென்னையில் ஒருத்தர் ஓட்டிக்கொண்டிருந்த அந்தக் காரை இவர் இருபத்துநாலு லட்சத்துக்கு வாங்கினார். கலெக்டர் ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் மனுஷருக்கு அது சின்ன வயசிலிருந்து ஆசை. ஆசைப்படட்டும், தப்பில்லை. ஆனால் டயருக்குச் சென்னைக்குச் சொல்ல வேண்டும், பிரேக்குக்குப் பெங்களூருக்கு. ஒரு விளக்கு உடைந்து மூன்று மாதம் நின்றது. இன்சூரன்ஸும் பெட்ரோலும் வருஷத்துக்கு வருஷம் ஜாஸ்தி, வண்டியின் விலை வருஷத்துக்கு வருஷம் கம்மி. கடையின் இரண்டாவது மிஷின் அந்த வண்டியின் கியருக்குப் போனது. என் கையில் இருந்த இரண்டு வளையலும் அப்படியே போனது.

கார்த்திகை மாதம் அண்ணியின் மகள் கீதாஞ்சலி எனக்கு போன் செய்தாள். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டதாம், மாற்றித்தான் ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம், மாமாவிடம் சொல்ல வேண்டாம் என்று அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறதாம். நான் அன்றைக்கே சொல்லிவிட்டேன். காரை விற்றுவிடுங்கள் என்றும் சொன்னேன். பெங்களூர் புரோக்கர் வண்டியின் போட்டோவைப் பார்த்துவிட்டு அஞ்சு லட்சம் என்றார். இவர் போனைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்:

"அஞ்சுக்குக் குடுத்தா அப்பாரு நெலம் அஞ்சுக்குப் போனாப்ல ஆயிடும், அருணா. வண்டி நிக்கிற வரைக்கும் அது எவ்ளோன்னு எவனும் சொல்ல முடியாது."

நிலம் யாருடையது என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பதில் அடுப்பங்கரையில் பாத்திரத்தைப் போட்டு உடைத்தேன், இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதனால் யாருக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை.

அண்ணியின் ஊரில் தெருவெல்லாம் பெரிய பெரிய சரளை, கார் உள்ளே போகாது. மெயின் ரோட்டுப் புளியமரத்தடியில் நிறுத்தி இவர் போன் செய்வார், அண்ணி அங்கே நடந்து வந்து சீர் வாங்கிக்கொள்வார். அக்கா வீட்டைத் தேடிப் போக வேண்டிய சீருக்கு, அக்கா நடந்து வர வேண்டும். நான் கொண்டுபோய்த் தருகிறேன் என்றால் தம்பி கையால் வாங்கினால்தான் அது சீர் என்பார் அண்ணி. இந்த வருஷம் அவரைப் போய் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கலாம். நான் வேண்டுமென்றே போகவில்லை. இவர் பார்க்கட்டும் என்று மரத்தடியில் நின்றேன். அது பாவம்தான், தெரிந்தேதான் செய்தேன்.

தெருமுனையில் அண்ணி தெரிந்தார். அதே மாம்பழக் கலர்ப் புடவை. ஒரு கையில் ஊன்றுகோல், இன்னொரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு வந்தார். நாலு வீடு தாண்டி ஒரு வாசற்படியில் உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். இவர் துணியை வைத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணி மூன்றாவது தடவை உட்கார்ந்தபோது இவர் துடைப்பதை நிறுத்திவிட்டார். போய்க் கைபிடிக்கவும் இல்லை, அப்படியே நின்றார்.

வந்து சேர்ந்த அண்ணி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, சீரை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பெட்டிக்கடையில் மூட்டையையும் கரும்பையும் கொடுத்து வைத்தார். காரை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"தம்பி, ஒரு தபா இதுல என்ன மல சுத்தி இட்டுனு வரியா? பௌர்ணமிக்கு நடந்து ஒரு வருசமாவுது."

ஏழு வருஷத்தில் அவர் கேட்ட ஒரே விஷயம். இவர் கதவைத் திறந்தார். அண்ணி முதலில் முதுகைக் காட்டி அப்படியே உள்ளே விழுந்தார். கால்களை ஒவ்வொன்றாக நான் தூக்கி உள்ளே வைத்தேன். முழங்கால் இரண்டும் வீங்கிச் சுட்டன.

பின்னாலேயே ஸ்கூட்டியில் போனேன். ரமணாசிரமம் தாண்டி, செங்கம் ரோட்டை விட்டு மலைப்பாதையில் திரும்பினோம். மலை வலது கைப்பக்கம், ஓட்டுகிறவர் பக்கம். கார் தாழ்வாக இருந்ததால் அண்ணி குனிந்து குனிந்து மலையைத் தேடினார். மலையைப் பார்க்க வேண்டுமென்றால் இவர் முகத்தைத் தாண்டித்தான் பார்க்க வேண்டும். அக்கா தன்னைத்தான் பார்க்கிறது என்று இவர் நினைத்தாரோ என்னவோ, ஒரு தடவைகூட இடது பக்கம் திரும்பவில்லை.

அடி அண்ணாமலைக்கு முன்னால் முதல் பெரிய வேகத்தடை. கார் நின்றது, நானும் பக்கத்தில் போய் நின்றேன். கண்ணாடி இறங்கியிருந்தது. இறங்க வேண்டும் என்று அண்ணிக்கும் தெரியும், குடும்பமே சொல்லிச் சிரிக்கிற கதை அது. அவரே கதவைத் திறந்து, ஒரு காலைக் கையால் தூக்கி வெளியே வைத்தார். எழப் பார்த்தார், முடியவில்லை. மறுபடி பார்த்தார். "இரு தம்பி, எறங்கிடறேன்" என்றார்.

"எறங்காதக்கா."

நான் அண்ணியின் காலை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன். இவர் எப்போதும் போலச் சாய்த்து ஏற்றவில்லை, நேராகவே விட்டார். அம்மிக்கல்லை சிமெண்ட் தரையில் இழுக்கிற சத்தம் கேட்டது. அடுத்த தடையிலும் அதே சத்தம், அதற்கடுத்ததிலும். மூன்றாவதற்குப் பிறகு ரோட்டில் கறுப்பாக ஒரு கோடு விழ ஆரம்பித்தது. ஹார்ன் அடித்தேன், அடித்துக்கொண்டே போனேன். இவர் நிறுத்தவில்லை. குபேர லிங்கத்துக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது வண்டி தானாக நின்றது.

இவர் இறங்கிச் சுற்றி வந்து அண்ணி பக்கத்துக் கதவைத் திறந்தார். இரண்டு கைகளையும் பிடித்து இழுத்துப் பார்த்தார். அவ்வளவு தாழ்வில் இருந்து அண்ணி எழவில்லை. பிறகு இவர் அப்படியே ரோட்டில் மண்டி போட்டார். அண்ணி இவர் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அந்த நிலையிலேயே இவர் கேட்டார்:

"எத்தினி நாளா வலிக்குதுக்கா?"

அண்ணி யோசித்தார். குறை சொல்கிற குரலே இல்லை, நாள் ஞாபகம் வராதவர் யோசிக்கிற மாதிரி யோசித்தார். "அன்னிக்கு ஆபீஸ்ல மாடி ஏறினோமே, கையெழுத்து போட. அப்பவே வலிதான் தம்பி."

நான் பிடித்து ஏற்றிய முழங்கை எந்தக் கை என்று எனக்கு ஞாபகம் வந்தது. ஸ்கூட்டியை ஸ்டாண்டு போடக்கூடத் தோன்றாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இவர் தூக்கவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை. காரின் அடியிலிருந்து எண்ணெய் பரவி வந்து வேட்டியை, முழங்கால் இருக்கும் இடத்தில், இரண்டு பக்கமும் கறுப்பாக நனைத்துக்கொண்டிருந்தது. அண்ணி இவர் தோளுக்கு மேலாக அண்ணாந்து, அப்போதுதான் முழுசாகத் தெரிந்த மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.